உட்காரச் சொல்லும் வரை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அவர்களே, அருகில் அமர்ந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, விரைவில் பட்டம் பெறப்போகும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று பேச, போன ஆண்டு இதே கல்லூரியில் படித்து முடித்த என்னை அழைத்தார்கள். "மேடம், எனக்கே இன்னும் வேலை கிடைக்கல" என்றேன். "பரவால்லம்மா, நிறைய இன்டர்வியூ போயிருக்க இல்ல, அதையே பேசு" என்றார் எங்கள் துறைத் தலைவர். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. தோற்பதில் எனக்கு இருக்கும் தகுதியை அவர் மட்டும்தான் மதித்தார்.

கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். விடிந்ததும் நாற்சந்தியில் போய் நிற்பார். மேஸ்திரிகள் வருவார்கள், ஆளைப் பார்ப்பார்கள், "நீ வா, நீ வா" என்று கை காட்டுவார்கள். கை காட்டப்பட்டவர் வண்டி ஏறுவார். மற்றவர் வீடு திரும்புவார். வாழ்நாள் முழுக்க அன்றாடம் நேர்முகத் தேர்வுக்குப் போன ஒரு மனிதர் எங்கள் வீட்டில் இருக்கும்போது, நான் வேறு யாரிடம் போய்ப் பயிற்சி கேட்பேன்?

வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அப்பா மேனேஜராக உட்கார்ந்தார். "மேனேஜர் பனியனோடயா இருப்பாரு? சட்டையப் போடுங்க" என்றாள் அம்மா. போட்டுக்கொண்டார். "எத்தன மணிக்கு வேலைக்கு வருவ?" என்றார். "ஒன்பது மணிக்கு சார்" என்றேன். "போச்சு. ஆறு மணிக்கே வந்துடுவேன்னு சொல்லு பாப்பா."

பிறகு தன் தொழிலின் சூட்சுமம் முழுவதையும் எனக்குக் கொடுத்தார். "உக்காருன்னு அவங்களா சொல்ற வரைக்கும் உக்காராத. நாம உக்காந்தா சோம்பேறின்னு நெனப்பாங்க. இது தெரியுமான்னு கேட்டா தெரியும்னு சொல்லு. சாரத்துல ஏறிட்டா பக்கத்து ஆளப் பாத்துக் கத்துக்கலாம். கூலிய மட்டும் நீயா வாயத் தொறந்து சொல்லாத. அடுத்த ஆளப் பாத்துப் போயிருவாங்க."

முதல் நேர்முகத் தேர்வு நடந்த அந்த அறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. குளிர்ந்த அறை, நீண்ட மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, நாற்காலியின் பின்னால் நான். வணக்கம் சொன்னேன். உட்காரச் சொல்ல மறந்துவிட்டார்கள். நான் நின்றேன். பெயரைக் கேட்டார்கள், நின்றுகொண்டே சொன்னேன். படிப்பைக் கேட்டார்கள், நின்றுகொண்டே சொன்னேன். ஓரத்தில் இருந்த அம்மையார் நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா நின்னுட்டே இருக்க? எங்கயாவது அவசரமா போகணுமா?" என்றார்.

படித்ததெல்லாம் எங்கே போனது என்று கேட்கிறீர்களா? அதைத்தான் நானும் தேடுகிறேன். படித்த வாக்கியங்கள் பயந்தால் ஓடிவிடுகின்றன. வீட்டில் கேட்ட வாக்கியங்கள்தான் கூடவே நிற்கின்றன.

நடுவில் இருந்தவர் ஒரு கணக்கு மென்பொருளின் பெயரைச் சொல்லி, தெரியுமா என்றார். "தெரியும் சார்." மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். "ஒரு பில் போட்டுக் காட்டுங்க." திரை வெளிச்சமாக இருந்தது. நான் பக்கத்தில் பார்த்தேன். அவையோரே, பக்கத்தில் யாருமே இல்லை. சாரத்தில் பக்கத்து ஆள் உண்டு. அந்த அறையில் பக்கத்து ஆள் கிடையாது.

"சரி விடுங்க. என்ன சம்பளம் எதிர்பாக்குறீங்க?"

"நீங்க பாத்துக் குடுங்க சார்."

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. அதுதான் இன்னும் வலிக்கிறது. "சொல்லி அனுப்புறோம்மா" என்றார்கள்.

வீட்டு வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். "நான் சொன்ன மாதிரியே சொன்னியா பாப்பா?" "அப்படியேதான்பா சொன்னேன்." "அப்டின்னா கெடச்சிரும்" என்றார். இன்று வரை என் போன் அடித்தால் முதலில் நிமிர்வது அவர் தலைதான். அவர்கள் என்னை எடுக்கவில்லை என்பதை வீட்டில் சொல்லிவிடலாம். ஏன் எடுக்கவில்லை என்பதை எந்த வாயால் சொல்வேன்? இங்கேதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

அடுத்தடுத்த அறைகளில் கேட்காமலே உட்கார்ந்து பார்த்தேன். நாற்காலி நுனியில்தான் உட்கார முடிந்தது. தெரியாததைத் தெரியாது என்றேன். அதற்கும் சொல்லி அனுப்புவதாகத்தான் சொன்னார்கள்.

பேராசிரியப் பெருமக்களே, வரவு வைக்கக் கற்றுத் தந்தீர்கள், செலவு எழுதக் கற்றுத் தந்தீர்கள். என் உழைப்புக்கு இது விலை என்று ஒரு அந்நியர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த வகுப்பில் கற்றுத் தந்தீர்கள்? எங்கள் வீடுகளில் கேட்க ஆளில்லை. இங்கே கேட்க எங்களுக்கு வாயில்லை. பிறகு யார்தான் சொல்வது? எப்போதுதான் சொல்வது?

தம்பிகளே, தங்கைகளே, உங்கள் தேர்வு முடிவு வரும் நாளில் நீங்கள் புதுப் பட்டதாரிகள். அன்றோடு நான் பழையவள். கம்பெனிகளில் புதியவர்களைத்தான் கேட்கிறார்கள். எனக்குப் பின்னால் வந்து நின்று என்னைத் தாண்டிப் போகப்போகிறவர்கள் நீங்கள். போங்கள், எனக்கு வருத்தமில்லை என்று சொல்ல ஆசைதான். சொல்ல முடியவில்லை. ஆனால் என்றாவது நீங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால், உள்ளே வந்து நிற்கிற பெண்ணை முதலில் உட்காரச் சொல்லுங்கள். சம்பளத்தை நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்று அவள் சொன்னால், சிரிக்காதீர்கள். அவள் பின்னால் ஒரு நாற்சந்தியே நிற்கிறது.

மன்னிக்க வேண்டும். கொஞ்சம் பொறுங்கள்.

கடைசி வரிசைக்குப் பின்னால், தூணை ஒட்டி, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு ஒருவர் நிற்கிறார். அவர்தான் என் அப்பா. வரமாட்டேன் என்றுதான் காலையில் சொன்னார். இந்த நேரத்தில் இங்கே இருக்கிறார் என்றால், இன்று அவரை யாரும் அழைத்துப் போகவில்லை. எப்போது வந்தாரோ, எது வரை கேட்டாரோ, எனக்குத் தெரியாது.

அவருக்கு முன்னால் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன.

முதல்வர் அவர்களே, நான் சொன்னால் உட்காரமாட்டார். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் உட்கார்ந்த பிறகு நான் மேடையை விட்டு இறங்குகிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வணக்கம்.