ஒரே கை பட்ட வண்டி

பறவை எச்சத்தை உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது, ஐயா. பெயிண்டில் கீறல் விழுந்துவிடும். ஈரத் துணியை அதன் மேல் போட்டுச் சற்று ஊறவிட வேண்டும். பிறகு ஒற்றி எடுத்தால் வந்த சுவடே தெரியாது. இதை வெளியே நின்ற உங்கள் காவலர்களிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் சாவிக்கொத்தால் சுரண்டிக் காட்டி, "இப்படி எடுத்தா வராதா?" என்று கேட்டார். இனிமேலும் தள்ளிப்போட்டால் சரிப்படாது, உங்களிடம் நேராகவே பேசிவிடலாம் என்று அப்போதுதான் உள்ளே வந்தேன்.

மரத்தடியில் நிற்கிற அந்த வெளிர்நீலக் கார் என்னுடையது. என்னுடையது என்று சொல்வது வாய்ப்பழக்கம். அதை விற்றுவிட்டேன். வாங்கிய மருந்துக்கடைக்காரர் இறந்துபோனதும் உங்களுக்குத் தெரியும். விபத்து என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை, நான் வரிசையாகவே சொல்கிறேன்.

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவன். ஸ்பேனர் வேண்டும், பேரிங் வேண்டும் என்று வருகிறவர்களிடம் "எதுக்கு?" என்று கேட்பேன். பாதிப் பேர் அந்த ஒரு கேள்வியிலேயே திரும்பிவிடுவார்கள். என் ஸ்டோரில் சாமான்கள் இருந்த அழகில் வேறெங்கும் இருந்திருக்காது. எல்லாம் உறை பிரிக்காமல் இருக்கும். மெஷின்கள் அவ்வப்போது நின்றுபோனதுண்டு. அது என் இலாகா இல்லை.

காரையும் அப்படித்தான் வைத்திருந்தேன். என் மகளைவிட அதற்கு வயது அதிகம். ஆனால் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் மகள்தான் மூத்தவள் என்பார்கள். இருக்கைகளுக்கு ஷோரூமில் போட்டுக் கொடுத்த பாலிதீன் உறையை நான் எடுக்கவே இல்லை. ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றி ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பையை நானே கொடுத்துவிடுவேன். பின்கண்ணாடிகளை இறக்கியதில்லை. ஏற்றி இறக்கினால்தானே பழுதாகும். ஹேண்ட்பிரேக்கை ஒருமுறைகூட இழுத்ததில்லை, இழுத்தால் கேபிள் நீண்டுவிடும். கியரில் போட்டு நிறுத்தினால் பல் தேயும். அதனால் வண்டியை நியூட்ரலில் விட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு கட்டை வைத்துவிடுவேன். நானே இழைத்த கட்டை அது. டயரில் படுகிற பக்கம் கம்பளித்துணி ஒட்டியிருக்கிறேன். மொத்தப் பாரத்தையும் கட்டை தாங்கிக்கொள்ளும்.

என் மனைவிக்கு இதெல்லாம் வேப்பங்காய். "இந்தக் கார்ல ஏறினாலே யாரோ பணக்காரச் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போன மாதிரி இருக்குங்க. எதைத் தொடவும் பயமா இருக்கு" என்பாள். பிரசவத்துக்கு அவளை டாக்ஸியில் அனுப்பிவிட்டேன் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுவாள். அன்றைக்கு மழை, ஐயா. மழையில் காரை எப்படி வெளியே எடுப்பது?

பிறகு என் கண் மங்கியது. இனி வண்டி ஓட்டக்கூடாது என்று கண் டாக்டர் சொன்னார். டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் என் மனைவி மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். மகள் அன்றைக்கே விளம்பரம் கொடுத்துவிட்டாள். 'ஒரே கை பட்ட வண்டி, கண்ணும் கருத்துமாகப் பராமரித்தது' என்று எழுதியிருந்தாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தரகர் வேண்டாம், நேரில் பார்த்துத்தான் கொடுப்பேன் என்று மட்டும் நான் நிபந்தனை போட்டேன்.

பழைய கார் வாங்க வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் முதலில் டயரை உதைப்பார்கள். உதைத்து என்ன தெரிந்துகொள்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிறகு பானட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே சாமி அறையைப் பார்ப்பதுபோல் பயபக்தியோடு பார்ப்பார்கள். இன்ஜின் எது பேட்டரி எது என்று கேட்டால் முழிக்கிற ஆள்கூட "ம்ம்" என்று தலையை ஆட்டுவார். ஒருவர் பாட்டுப்பெட்டி இல்லை என்று போய்விட்டார். ஒரு கணவன் மனைவி வந்து, கலர் மாமியாருக்குப் பிடிக்காது என்றார்கள். மாமியார் பானட் மேலா உட்காரப்போகிறார், அவருக்கு எதற்குக் கலர் என்று கேட்டேன். போய்விட்டார்கள். ஒரு புரோக்கர் தான் புரோக்கர் இல்லை என்று சத்தியம் செய்துகொண்டே, "என்ன சார், அரதப் பழசா இருக்கே" என்றார். அவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

கடைசியாக வந்தவர்தான் மருந்துக்கடைக்காரர். வாய் நிறையச் சிரிப்பு. டயரை உதைக்கவில்லை, பானட்டைத் திறக்கவில்லை. "உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது சார், பொய் சொல்ற ஆள் இல்லை நீங்க" என்றார். அது உண்மைதான். அவருடைய அம்மாவுக்கு மூச்சு இரைப்பு. இழுப்பு வரும்போதெல்லாம் வண்டி கிடைக்காமல் தெருவில் நிற்க வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் கார் என்றார். ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"எங்க வீடு மேட்டுத் தெருவுல இருக்கு சார். வாசல்லயே சரிவு. ஹேண்ட்பிரேக் எப்படி இருக்கும்?"

"புதுசு மாதிரி இருக்கும்" என்றேன்.

இப்படி ஒரு முறையும் இழுக்காத ஹேண்ட்பிரேக் புதுசு மாதிரி இல்லாமல் வேறெப்படி இருக்கும்? கியரில் போட்டு நிறுத்தக்கூடாது, பல் தேயும் என்றும் சொல்லி வைத்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

கட்டையை அவருக்குக் கொடுத்துவிடத்தான் நினைத்திருந்தேன். நீங்கள் நம்ப வேண்டும். வண்டியை ஒப்படைத்த காலையில் அதைத் துடைத்து என் கையில் வைத்திருந்தேன். அவர் உள்ளே உட்கார்ந்து, தன் சட்டை பாலிதீனில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தார். "என்ன சார் இது, சீட்டுக்கு மூச்சுத் திணறுது" என்று சொல்லிக்கொண்டே உறையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கிழிந்துகொண்டு வந்தது. இவ்வளவு வருஷம் காத்த உறை. அதைப் பந்தாகச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்து, "அம்மா, வாங்க, ஒரு ரவுண்டு போலாம். செருப்போடயே ஏறுங்க" என்றார்.

அவள் ஏறினாள். செருப்போடு. பின்கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொண்டாள். தெருமுனை போய்த் திரும்பி வருகிற வரைக்கும் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தக் காரில் அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

வண்டி கிளம்பியபோது கட்டை என் கையிலேயே இருந்தது. அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு நான் வேறு எதையும் தீர்மானிக்கவில்லை. ஸ்டோரில் இருந்தவரைக்கும், கேட்காத சாமானை நான் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் காரைப் பார்த்துவிட்டு வருவேன். மேட்டுத் தெரு நம் காவல் நிலையத்திலிருந்து கிட்டத்தில்தானே இருக்கிறது. அவர் முகம் சுளித்ததே இல்லை. "வாங்க சார், உங்க செல்லத்தைப் பார்க்க வந்தீங்களா?" என்று தேநீர் கொடுப்பார். செல்லத்தின் பின்கண்ணாடியில் கடையின் பெயரை ஒட்டியிருந்தார். இருக்கை மடிப்பில் பிஸ்கட் தூள். அவருடைய அம்மா முன்சீட்டில் அம்சமாக உட்கார்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியெல்லாம் வேர்க்கடலை உரிக்கிறாராம். அதைப் பெருமையாகச் சொன்னார்.

அந்த அம்மா கெட்டிக்காரி. கார் வந்து வாசலில் நின்றதும், மகன் இறங்குவதற்கு முன்பே தான் இறங்கி, அங்கே கிடந்த ஒரு கருங்கல்லைக் காலால் தள்ளிப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிடுவார். தினமும். கல்லைக் கொடுத்த பிறகுதான் மகனுக்குப் பிரேக்கிலிருந்து காலை எடுக்க உத்தரவு.

"ஏம்மா, ஹேண்ட்பிரேக் புதுசு மாதிரின்னு சார் சொல்லியிருக்காரே" என்று மகன் கேலி செய்வார்.

"சார் சொன்னா சரிதான். ஆனா சரிவு அவர் பேச்சைக் கேக்குமா? என் திருப்திக்கு நான் வைக்கிறேன், உனக்கென்ன" என்பார் அவர்.

நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு அந்தக் கல்லைப் பார்த்தால் பொறுக்கவில்லை, ஐயா. முனை முனையாக இருந்தது. ஒவ்வொரு தடவை போகும்போதும் டயரில் புதிதாக ஒரு கடி தெரிந்தது. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவியோ, "வண்டி போனதுலேருந்து வீடு வீடா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

காரை எப்படிக் கழுவுவது என்று மருந்துக்கடைக்காரருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். நின்றுகொண்டு தண்ணீரை விசிறுவது கழுவுவதாகாது. பின்பம்பரைக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் தேய்க்க வேண்டும், சோப்பு காய்வதற்குள் எழுந்திருக்கக் கூடாது. நல்ல மாணவர். ஒருமுறை சொன்னால் போதும். கொஞ்ச நாளில் கடையின் பெயரையும் பின்கண்ணாடியிலிருந்து உரித்து எடுத்துவிட்டார். "நீங்க சொன்னது சரிதான் சார், வண்டிக்கு அது அசிங்கம்" என்றார். இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் என்னைப் போலவே ஆகியிருப்பார் என்று நினைக்கிறேன். அதுவும் எனக்கு உவப்பாக இல்லை. ஒரு காருக்கு ஒருவர் போதும்.

அன்று கடைக்கு விடுமுறை. காலையிலேயே போனேன். கார் மேட்டைப் பார்த்து நின்றது. அவர் அதன் பின்னால், சரிவுப் பக்கம், நான் சொல்லிக் கொடுத்தபடியே குத்துக்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாங்க சார், சோப்புப் போட்டிருக்கேன், எழுந்திருக்க முடியாது" என்று சிரித்தார். அம்மா உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

"கல்லு டயரைக் கடிக்குது" என்றேன்.

"அம்மாவோட வேலை சார். எடுத்துடுங்க, ஹேண்ட்பிரேக் இழுத்துத்தான் விட்டிருக்கேன்."

ஆக, அவருடைய சம்மதத்தோடுதான் எடுத்தேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். பாரம் ஏறியிருந்ததால் கல் சட்டென்று வரவில்லை. அசைத்து அசைத்து எடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரத்தில் மனம் மாறுகிறவன் மாறியிருக்கலாம். நான் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல் வந்ததும் ஓரமாக நகர்ந்து நின்றுகொண்டேன்.

கார் சத்தமே போடவில்லை. நன்றாகப் பராமரித்த கார் சத்தம் போடாது. அவர் மேல் ஏறி இறங்கி, தெருக்கோடிச் சுவரில் போய் முட்டியது. நான் பின்னாலேயே ஓடினேன். பார்த்தவர்கள் என் வயதுக்கு அந்த ஓட்டத்தை மெச்சியிருப்பார்கள். பம்பர் நசுங்கியிருந்தது. இடது பின்விளக்கு தூள். திரும்பி மேலே ஏறி வந்தபோது அந்த அம்மா மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தேநீர்த் தம்ளர் இரண்டும் படியில் இருந்தன. அவருக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இனி வண்டி ஓட்ட ஆள் இல்லை.

"கல்லை நான் சரியா வைக்கலையே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் ஆட்கள் வந்தபோதும் அதையேதான் சொன்னார். நீங்களும் அதையேதான் எழுதிக்கொண்டீர்கள். துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் மறுத்துப் பேசுவது முறையில்லை என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பார்த்துப் பார்த்து வளர்த்த வண்டி சார், உங்களுக்கும் எவ்வளவு வேதனையா இருக்கும்" என்று அழுதார். அந்தத் தெருவில் என்னைப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

என் மனைவி அழவில்லை. துக்கம் விசாரித்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இந்தக் கட்டை ஏன் இன்னும் இங்க இருக்கு?"

"அவர் கேக்கலை."

அவள் அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் போனாள். அவளுக்கு எப்போதுமே பஸ்தான் பிடிக்கும்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம், ஐயா. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. எனக்கு மனசாட்சி உறுத்தியது என்று நீங்கள் நினைத்தால் அது உங்கள் பெருந்தன்மை. காரை இங்கே கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தியதிலிருந்து தினமும் வெளியே நின்று பார்க்கிறேன். ஒரு உறையாவது போடுங்கள் என்று கேட்டால், உனக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். அந்த அம்மாவின் பேரில் இருக்கும் விசாரணை முடிந்தால்தான் வண்டி இந்த இடத்தைவிட்டு நகருமாம், அது எப்போது முடியும் என்று தெரியாதாம். நான் இப்படி ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் இல்லையா? அவரைக் கொல்ல வேண்டும் என்றுதான் கல்லை எடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அவர்மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது, நல்ல மனிதர்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். உங்கள் வளாகமும் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு. வண்டிக்குப் பின்னால் நீங்களும் ஒரு கல்லைத்தான் வைத்திருக்கிறீர்கள். இந்தப் பையில் என் கட்டை இருக்கிறது, இதை வைக்கச் சொல்லுங்கள். கல்லை எடுக்கும்போது பின்னால் யாரும் நிற்க வேண்டாம். இத்தனை வருஷம் இழுக்காமல் கிடந்து துருவேறிப்போன அந்த ஹேண்ட்பிரேக் பிடிக்காது. விற்கும்போதே எனக்குத் தெரியும். இன்னொரு அடியை அந்த பம்பர் தாங்காது, ஐயா.