கணக்கைத் திருத்தி வயலைக் காத்த கிருபாபாய் அம்மையாருக்கு

மண்ணின் மனமறிந்த மாண்பே! மழைநீர் போகும் வழியைத் தேடி மண்ணுக்குள் கண் செலுத்திய மதிநலமே! எங்கள் ஆய்வு நிலையத்தின் மண்ணியல் பிரிவில் இருபத்தொன்பது ஆண்டுகள் உழைத்து இன்று விடைபெறும் கிருபாபாய் அம்மையே, வணக்கம்!

வடநாட்டுக் கோதுமை வயல்களுக்கென உருவான கணிப்பொறி முறையைத் தாங்கள் பயின்று திரும்பியது 1991இல். மண்ணில் எவ்வளவு நீர் நிற்கும், எவ்வளவு தழைச்சத்து மிஞ்சும், பயிர் எந்த வாரம் எவ்வளவு வளரும் என நாள்தோறும் கணித்துச் சொல்லும் முறை அது. பாறசாலையில் கோதுமை விதைப்பவர் யார் என்று நாங்கள் சிரித்தோம். தாங்களோ சினவாமல், சோர்வின்றி, நெல்லுக்கேற்ப அதைத் திருத்தி எழுதினீர்கள்.

மறு ஆண்டு கன்னிப்பூ என்னும் முதற்போக நெல் சாகுபடியில் பத்து வயல்களில் அதைச் சோதித்தோம். மண்ணில் தழைச்சத்து இருக்கிறது, இரண்டாம் முறை இடும் யூரியாவைத் தள்ளிப் போடலாம் என்றது கணிப்பொறி. ஒன்பது வயல்கள் செழித்தன. கொல்லயில் என்னும் ஊரில் தங்கையன் வயல் மட்டும் வெளிறியது. உதியன்குளங்கரையில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் அவர் கொதித்தெழுந்தார்.

"உங்க கம்ப்யூட்டரு எங்க வயலுல எறங்கிப் பாத்துதா மேடம்? பயிரு மஞ்சளிச்சுப் போச்சே, இனி நான் என்னத்த செய்ய?"

அதற்கு முன்பே அவ்வயலைத் தோண்டிப் பார்த்திருந்தீர்கள். முழங்கை ஆழத்துக்குக் கீழே மணல். நீரும் தழைச்சத்தும் அதன் வழியே இறங்கிப் போயிருந்தன. மேடையிலிருந்து இறங்கி, அவர் முன் நின்று சொன்னீர்கள்:

"தப்பு எனக்க கணக்குலயாக்கும், உங்களுக்க வயலுல இல்ல."

அன்றே உரமிட்டும் பாதிப் பயிரே தேறியது. அந்த வயலை விட்டுவிட்டு அறிக்கை எழுதுமாறு மேலதிகாரி சொன்னார். "நமக்குச் சொல்லித் தந்ததே அந்த வயலாக்கும்" என்று மறுத்தீர்கள். அறிக்கை இரண்டாண்டுகள் மேசையில் கிடந்தது. தங்கள் பதவி உயர்வும் அதனோடு கிடந்தது.

அடுத்த ஆண்டு அதே தங்கையனிடம் தயங்கித் தயங்கி வயல் கேட்டீர்கள்.

"தப்புன்னு வாய் தொறந்து சொன்ன ஆளுக்குத் தராம பின்ன யாருக்குக் குடுப்பேன்? வாருங்க மேடம்" என்றார் அவர்.

பத்து நாளுக்கொரு முறை சேற்றில் இறங்கி மண்ணெடுத்தீர்கள். மணலையும் கணக்கில் சேர்த்தீர்கள். இரண்டு முறை இட்ட யூரியாவை, அளவு கூட்டாமல், நான்காகப் பிரித்து இடச் சொன்னீர்கள். பயிர் பச்சை குன்றாமல் நின்றது. கணிப்பொறி சொன்ன விளைச்சலும் களத்தில் அளந்த நெல்லும் ஏறக்குறைய ஒத்து வந்த அன்று, தங்கையன் தம் வீட்டு இளநீரைச் சீவி முதலில் தங்களிடம் நீட்டினார். கண் கலங்கி வாங்கிக்கொண்டீர்கள். இன்று கொல்லயிலில் உரமிடுமுன் மண்ணைத் தோண்டிப் பார்க்காத வீடில்லை. அது தங்கள் கொடை!

அம்மையே! இந்த நன்றியோடு சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். தங்கள் கணக்கில் எண்களை ஏற்றியவர்கள் நாங்கள்தாம். ஆயினும் அன்றைய கூட்டத்தில் தாங்கள் தனியே நின்றபோது பின்வரிசையில் தலைகவிழ்ந்து இருந்தோம். ஒருவரும் எழவில்லை. தாங்களும் அதுபற்றி ஒரு நாளும் ஒரு சொல் கேட்டதில்லை. பொறுத்தருளுங்கள்.

நோய் அண்டாத உடலும், நிறைவு குன்றாத உள்ளமும், சுற்றம் சூழ்ந்த இல்லமுமாய்த் தாங்கள் நெடுங்காலம் வாழ்க! இவ்வாழ்த்தை நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று வாசிக்கிறோம்.

பாறசாலை
31.5.1997

தங்களால் தலைநிமிர்ந்த
மண்ணியல் பிரிவு ஊழியர்கள்