உயிரோடிருப்பவர்களின் பட்டியல்

மீன் வாடையே ஆகாதவன், அதனால்தான் குப்பத்துக்காரர்கள்மேல் எனக்கு வெறுப்பு என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், ஐயா. அது சரியல்ல. ஞாயிறுதோறும் மாமல்லபுரம் குப்பத்துக்குப் போய் ஆதியம்மாளிடம்தான் சங்கரா வாங்குவேன். செதில் எடுத்து, கழுவியே தருவார்.

2008இல் ரேஷன் அட்டை விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலை செங்கல்பட்டில் எங்கள் கம்பெனிக்கு வந்தது. புரோகிராம் எழுதியது நான்தான், ஹரிகிருஷ்ணன். ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், ஒரே தெரு என்றால் போலி அட்டை என்று அதுவே முடிவெடுத்து நீக்கிவிடும். குப்பத்தில் பாதிப் பேருக்குக் குலசாமி பெயர், தெருவும் ஒன்றுதான். நாற்பத்தொரு குடும்பங்களுக்கு அட்டை போனது.

ஆதியம்மாளின் அட்டை போகவில்லை. ஆனாலும் அவர்தான் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். எந்த விதிப்படி நீக்கினீர்கள், யார் சரிபார்த்தது என்று இரண்டே கேள்வி. யாரும் சரிபார்க்கவில்லை. மனுவின் நகல் என் மேசைக்கு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயந்தவன் செய்வதைக் குற்றம் என்று சொல்லலாமா, நீங்களே யோசியுங்கள்.

அவர் பெயருக்கு எதிரே ‘இறந்தவர்’ என்று மாற்றினேன். செத்தவர் போட்ட மனுவுக்குப் பதில் தேவையில்லை என்பது பிறகுதான் தோன்றியது.

மூன்றாம் வாரம் ஆபீசுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் இலவச இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்களாம். அட்டையைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூச்சு வாங்கியது.

“நைனா, நான் செத்துப்பூட்டேன்னு கம்ப்யூட்டர்ல கீதாம். உன் எதிர்ல நின்னுகினுதானே கீறேன்? தொட்டுப் பாரு. பயமா கீது நைனா.”

“பார்க்கிறேம்மா,” என்றேன்.

திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் திருத்தினால், முதலில் மாற்றியது யார் என்று தேடுவார்கள். அதனால் உயிரோடிருப்பதற்குச் சான்றிதழ் வாங்கிவரச் சொன்னேன். வாங்கிவந்தார். தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை என்று திருப்பினேன். பிழை இருந்தது, ஐயா. நான் பொய் சொல்லவில்லை.

இதற்குள் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் மனுவிலிருந்து விலகிக்கொண்டார்கள். ஆதியம்மாளின் தம்பி தாண்டவராயன் வாசலில் கைகட்டி நின்றார். “எங்களயும் சாவடிச்சிராத சார். எங்களுக்கு ஒண்ணியும் தெரிய வேணாம்.” நான் யாரையும் மிரட்டவில்லை.

மூன்றாம் முறை வந்த ஆதியம்மாள் எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் என் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. அவர் சாயும்வரை நான் கதவைத் திறக்கவில்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்ததும் வேறு யாரோ.

நான் கணினியில் அவர் பக்கத்தைத் திறந்தேன். இறந்த தேதியை மட்டும் அன்றைய தேதியாகத் திருத்தினேன். அந்தத் திருத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் என்னை விசாரிக்க வந்தீர்கள் என்று தெரியும். அதற்கு நான் பயப்படவில்லை, ஐயா. விவரம் சரியாக இருக்க வேண்டும்.