உடனடிக் காரணம்

— உங்கம்மா கல்லறைக்கு வெள்ளையடிக்க வந்த எடத்துலயும் பாடமா, வாத்தியாரே? அந்தப் பிரஷ இங்கிட்டுக் குடுங்க. சிலுவ ஓரமெல்லாம் விட்டுப் போச்சு.

— நீதான ஐரின் கேட்ட, முதல் உலகப் போர் எதனால வந்துச்சுன்னு? நாளைக்கு பத்தாங் கிளாசுக்கு அதத்தான் ரிவிஷன் எடுக்கணும். கேளு. ஆஸ்திரியா இளவரசரச் சுட்டது வெறும் உடனடிக் காரணம். அடிப்படைக் காரணம் வேற. நாடு நாடா பீரங்கியச் சேத்து வச்சுக்கிட்டு, காலங்காலமா ஒருத்தன ஒருத்தன் மொறச்சுக்கிட்டு இருந்தாய்ங்க. அந்தப் பய சுடாட்டியும் வேற எதாச்சும் சாக்கு வந்திருக்கும்.

— அப்ப யாரு மேலயும் தப்பில்ல?

— காலம் அப்படி.

— சுட்ட மறுநாளே சண்டையா?

— இல்ல, ஒரு மாசம் போச்சு.

— ஒரு மாசமா! அம்புட்டு ராசா மந்திரியில ஒருத்தருக்குக்கூட, ‘செத்த நேரம் பொறுங்கப்பா’ன்னு சொல்ல வாய் வரலியா?

— ஒனக்கு எங்க சுத்துனாலும் எங்கண்ணன்கிட்ட வந்து நிக்கணும்.

— நான் அவரு பேரையே எடுக்கலியே!

— எடுக்காமத்தான் எடுத்த. அம்மா அடக்கத்தன்னிக்கா எங்களுக்குள்ள சண்ட வந்துச்சு? என்னையப் படிக்க வச்சாங்க, அண்ணனத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்புனாங்க. அப்புறம் கெணத்துத் தண்ணித் தகராறு. எல்லாம் வருசக்கணக்கா ஊறுனது.

— ஊறட்டும். பெட்டியக் குழிக்குள்ள எறக்குனப்ப, அவரு பஸ்ஸு ஒட்டன்சத்திரம் தாண்டிருச்சுன்னு ஓடியாந்து சொன்னேனா இல்லியா?

— மழ எறங்கிருச்சு. சாமியாருக்கு அடுத்த ஊர்ல பூச.

— சாமியாரு உங்க மூஞ்சியத்தான பாத்தாரு? நீங்கதான் ‘மூடுங்க’ன்னீங்க. மூத்த மகன் ஒரு பிடி மண்ணு போடாம அத்தைய மூடிட்டீங்க. அவரு வந்து அந்த ஈர மண்ணுல உக்காந்து அழுதது என் கண்ணவிட்டுப் போகல.

— நான் சொல்லாட்டியும் வேற யாராச்சும் சொல்லிருப்பாங்க.

— இல்லங்க. அன்னிக்கு அம்புட்டுப் பேரும் உங்க வாயத்தான் பாத்துக்கிட்டு நின்னோம்.

— ஐரின்... தப்புன்னு மறுநாளே தோணுச்சு. ஆனா வருசம் ஏற ஏற, அண்ணன் மொகத்துல முழிக்கவே பயமாப் போச்சு.

— தெரியும். தூக்கத்துல ‘அண்ணே, அண்ணே’ங்கிறீங்க. அதான் ஒரு காரியம் பண்ணிட்டேன், திட்டாதீங்க. கல்லறைத் திருநாளுக்கு நீங்க வரச் சொன்னதா அவருக்குப் போன் போட்டேன்.

— அடிப் பாவி! நானா சொன்னேன்?

— அந்தா, வாசல் கேட்டுகிட்ட செருப்பக் கழட்டிக்கிட்டு இருக்காரு பாருங்க.

— எப்படி எளச்சுப் போச்சு எங்கண்ணன்...

— வாங்க அத்தான். மாலைய இங்கிட்டுக் குடுங்க.

— இருக்கட்டும் தாயி, நானே போடுறேன். ஏலே ஸ்டீபனு, என்னலே சட்டையெல்லாம் சுண்ணாம்பு?

— அண்ணே, ஒங்கிட்டப் பொய் சொல்லி நிக்க மாட்டேன். ஒன்னயக் கூப்புட்டது நானில்ல. ஐரின் தானாப் போன் போட்டது. எனக்கு அம்புட்டுத் தைரியம் இல்லண்ணே.

— தெரியும் அப்பு. ஒனக்கு வாய் வராது. நீ கூப்புடலன்னு தெரிஞ்சுதான் பஸ்ஸு ஏறுனேன்.