மஞ்சளில் ஒரு பள்ளம்

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் அடுத்தவர் பார்வையைக் குறை சொல்லக் கூடாது, வியாபாரம் படுத்துவிடும். இருந்தாலும் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். எங்கள் வானியல் சங்கத்துப் பல் டாக்டருக்குக் கண் சரியில்லை.

ஓய்வு நேரத்தில் நாங்கள் வெடித்த நட்சத்திரங்களை வகை பிரிக்கிறோம். தொலைநோக்கியில் சேரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் படமெடுப்போம். மஞ்சளில் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அந்த நட்சத்திரத்தில் ஹீலியம் இருந்தது என்று அர்த்தம், அது ஒரு வகை. பள்ளம் இல்லையென்றால் வேறு வகை. போன வாரம் வெடித்த ஒன்றில் நான் பள்ளத்தைக் கண்டேன். உலகத்தில் எவருக்கும் முன்னால் ஹீலியம் என்று சங்கத்தில் அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். பல் டாக்டர் மட்டும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஹீலியம் இல்ல சார், உங்க வாசல்ல எரியுற மஞ்ச லைட்டு. அந்த வெளிச்சத்தக் கழிக்கும்போது கொஞ்சம் கூடுதலாக் கழிச்சிட்டீங்க. அதான் குழி விழுந்திருக்கு.”

நோயாளியிடம் சொத்தைப் பல்லைக் காட்டிப் பேசுகிற அதே குரல். சங்கமே சிரித்தது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது, அதை மறைக்கவில்லை.

வாசல் விளக்கு இல்லாமல் இன்னொரு முறை எடுத்தால் அவர் வாய் தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அந்த விளக்கு கீழ்வீட்டில் இருக்கும் என் அக்கா கணவருடையது. அத்தான் நுரையீரல் பழுதாகி, மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். இருட்டென்றால் பயம் வேறு. நானே போய்ப் பணிவாகக் கேட்டேன்.

“முக்கால் மணி நேரம் மட்டும் அணைச்சு வைங்க அத்தான்.”

“எனக்கு மூச்சு முட்டுது, உனக்கு நட்சத்திரம் கேக்குதா மச்சான்? இந்த ஆக்சிஜன் மெஷின் ஓடுற வரைக்கும் அந்த லைட்டும் எரியும்.”

யோசித்துப் பார்த்தால், வழி காட்டியவர் அவர்தான். இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்.

நட்சத்திரம் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது; பொழுது சாய்ந்த பிறகு கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அன்று மாலை அக்கா மருந்துக் கடைக்குப் போனாள். நான் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனேன். அப்படியொரு இருட்டை எங்கள் வாசலில் பார்த்ததே இல்லை. மனசு நிறைந்துவிட்டது.

கரண்ட் போனதால் மெஷினின் எச்சரிக்கை மணி கொஞ்ச நேரம் கூவியது. பிறகு அத்தான் சுவரைத் தட்டினார். தட்டினால் தொலைநோக்கி அதிரும் என்று அவரிடம் எத்தனையோ தடவை தலைப்பாடாக அடித்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிட்ட மாதிரியும் இருந்தது, என் பெயரைத்தான். பாதியில் எழுந்து போனால் அதுவரை சேர்த்த ஒளியெல்லாம் வீண். நல்லவேளை, அவரே நிறுத்திக்கொண்டார். என்ன இருந்தாலும் வீட்டு மனுஷன்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா சிலிண்டர மாட்டிவிட்டுட்டுப் போயிருப்பேனேடா” என்று அக்கா கேட்டாள். உண்மைதான். வேலை மும்முரத்தில் இந்த மாதிரிச் சின்ன விஷயங்கள் தோன்றுவதில்லை.

ஆமாம், ஃபியூஸைப் பிடுங்கியது நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். புதுப் படத்தில் பள்ளம் இல்லை. அதை வைத்துப் பல் டாக்டர் சொன்னதுதான் சரி என்று எழுதிவிடாதீர்கள். ஒரே படத்தை நம்பி யாரும் முடிவு கட்டக் கூடாது. எனக்கு இன்னொரு மாலை வேண்டும். துக்கத்துக்கு வந்தவர்கள் கீழே எல்லா விளக்கையும் போட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அணைப்பார்கள்.