புளி மூட்டைக்குள் போன்

ஜமுனாமரத்தூரிலிருந்து செங்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அப்பாவும் பன்னிரண்டாவது முடித்த மகளும். பஸ் மலை இறங்கத் தொடங்கியதும் அப்பா சொன்னார்.

"செல்போன வீட்ல புளி மூட்டைக்குள்ள போட்டுக் கட்டிட்டு வந்துட்டேன்."

"இன்னாத்துக்குப்பா?"

"எல்லாம் உங்க மாமாதான். நர்சிங் போடு, இன்ஜினியரிங் போடுன்னு போன் மேல போன் பண்ணி வாட்டி எடுக்கறான். நேத்துலேர்ந்து நீ சோறே சரியா துன்னல. பிரவுசிங் சென்டர்ல உக்காந்து, எந்தக் காலேஜு, எந்தப் படிப்புன்னு உனுக்குப் புடிச்சத நிம்மதியா போடு."

மகள் ஜன்னலிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ளிகேஷன் போட்டா ஓடிபி அந்த போனுக்குத்தாம்பா வரும்."

அவர் சட்டென்று எழுந்தார். "எறங்கி எதிர்ல வர்ற பஸ்ஸப் புடிச்சிடலாமா?"

அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"கடைசி தேதிக்கு இன்னும் நாள் இருக்குது. நாளைக்கு வந்துக்கலாம்."

"அப்ப இன்னிக்கு?"

"இன்னிக்கு மூட்டை கட்டுனபடியே இருக்கட்டும். செங்கத்துல எறங்குனதும் ஓட்டலுக்குப் போலாம்பா. பசிக்குது."