மஸ்கட் நாலு மணி நேரம்

மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நாலு மணி நேரம்கூட முழுசாக ஆவதில்லை சாமி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் நான். படத்தில் நடுவே ஒரு கடல் கிடக்கிறது. அந்தக் கடலை நம்பித்தான் இருந்தேன்.

தொண்ணூற்றெட்டில் என் மகள் ரூபி, ஆண்டனிராஜைக் கட்டிக்கொண்டு மஸ்கட் போனபோது நான் சத்தம் போடவில்லை. அவனும் நம் கோவில்காரன்தான். ஆனால் கல்லறைத் தோட்டத்தில் அவன் சனத்துக்கு வேறு பக்கம். நீங்கள் பங்குக்குப் புதியவர், அதனால் சொல்கிறேன். அவ்வளவு தூரம் போய்விட்டாள், இனி பேச்சு அடங்கிவிடும் என்று எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலையில் காபி குடித்துவிட்டுப் படுத்த என் மனைவி ஆனந்தமேரி எழவில்லை. மாலைக்குள் அடக்கம் என்றேன். மகன் கிளெமென்ட் எனக்குத் தெரியாமல் ரூபிக்கு போன் போட்டுவிட்டான். மறுநாள் மதியம் வந்துவிடுவார்களாம். கொழுந்தியாள் செபாஸ்தியம்மாள் அத்தனை சனத்துக்கு முன்னால் கேட்டாள்:

“நாலு மணி நேரந்தானாம்ல அத்தான். கொடைக்கானல் போறதுக்கே அம்புட்டு ஆகுது. பெத்தவ மொகத்தப் பாக்க செத்த பொறுக்க மாட்டீகளா?”

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள். நாலு மணி நேரம், நாலு மணி நேரம். சென்னைக்கு இந்தப் பக்கம் ஒரு ராத்திரிப் பயணம் கிடப்பதை ஒருவரும் பேசவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனேன். பிரேதம் கெடாமல் வைக்க, வாடகைக்கு விடும் பெரியகருப்பனின் ஐஸ் பெட்டியும் வந்து இறங்கிவிட்டது.

எங்கள் வழக்கத்தில், சவப்பெட்டி மூடுமுன் மருமகன் கோடிச் சேலை போர்த்த வேண்டும். இன்னார் மகன், இந்த வீட்டு மருமகன் என்று உரக்கக் கூப்பிட்டுச் சொல்வார்கள். அவன் போர்த்த, நான் பக்கத்தில் நின்றால், ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். வீட்டுப் பெயராக என் அப்பா பெயரும் அங்கே சேர்ந்து நிற்கும்.

அன்றிரவு ஜெபமாலை முடிந்ததும், “எல்லாரும் மாடியில போய்ப் படுங்க, நான் அவகிட்ட இருக்கேன்” என்றேன். பெரிய மனசு என்றார்கள். அவர்கள் போனதும் ஐஸ் பெட்டியின் பிளக்கை உருவினேன். விடிவதற்கு முன் மாட்டினேன். நடுவில் வேறொன்றும் செய்யவில்லை. மிச்சத்தை மே மாதம் பார்த்துக்கொண்டது.

காலையில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். இனி வைக்க முடியாது என்று முதலில் சொன்னதே செபாஸ்தியம்மாள்தான். பத்து மணிக்கு நீங்கள் குழி மந்திரித்தீர்கள். ரூபி வந்தபோது மண்மேட்டில் சிலுவை நட்டாயிற்று. கோடிச் சேலை மடிப்புக் கலையாமல் அவள் மடியில் இருந்தது.

கிளெமென்ட் பெரியகருப்பனை அறைந்தான். “என் பொட்டி மோசம் பண்ணாது அப்பு, ஒங்க மாதாவுக்குத் தெரியும்” என்று அந்த ஆள் அழுதான். நான் தடுக்கவில்லை. ஆனால் ஆண்டனிராஜ் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். பெட்டியை ஓடவிட்டு, உள்ளே கை வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

“பொட்டி நல்லாத்தான் இருக்கு மாமா.”

அவ்வளவுதான் சொன்னான். அவன் மாமா என்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரியகருப்பனின் பெட்டியை இப்போது யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை என்கிறீர்கள். பெட்டியில் கோளாறில்லை என்று பூசையில் சொல்லிவிடுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒன்றை நீங்களே பார்த்தீர்கள் சாமி. அன்று கல்லறை வரைக்கும் ஒருவரும் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவில்லை. நான் மூக்கைப் பொத்தவே இல்லை. பெண்டாட்டிக்கு மரியாதை செய்யாதவன் என்று என்னை யாரும் சொல்லிவிட முடியாது.